நியூட்ரான் பட்ட ரத்தம்



ஜப்பானில் இபராக்கி மாநிலத்துக் கடலோர ஊர் டோகாய்முரா. 1999 செப்டம்பர் 30 அன்று காலை 10.35 மணிக்கு, அங்கிருந்த ஜே.சி.ஓ. நிறுவனத்தின் எரிபொருள் கூடத்தில் மூன்று தொழிலாளர்கள் யுரேனியக் கரைசல் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஜோயோ என்ற சோதனை வேக உலைக்கான எரிபொருள் அது, 18.8 சதவீதம் செறிவூட்டப்பட்டது. நம் கல்பாக்கத்தில் 1985 முதல் இருக்கும் சோதனை உலையும் வேக உலைதான். குறுகி உயர்ந்த கலத்தில் ஊற்றியிருக்க வேண்டிய கரைசலை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அகன்ற தொட்டி ஒன்றில் ஊற்றினார்கள். ஒரு தடவைக்கு 2.4 கிலோ யுரேனியத்துக்குத்தான் அனுமதி. ஸ்டீல் வாளியில் கரைத்துக் கரைத்து ஊற்றியதில் 16 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. நீல ஒளி பளிச்சிட்டது, அபாய மணி அடித்தது. தொட்டிக்குள் தொடங்கிய அணுப்பிளவுத் தொடர்வினை அடங்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆயிற்று. இவ்வளவு யுரேனியம் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்று அந்த மூவருக்கும் யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வாளியில் கரைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்ததே நிறுவனம்தான். எனவே பழியை அவர்கள் தலையில் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மூவரையும் சிபாவில் உள்ள தேசியக் கதிரியல் ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர்கள் முன் நின்ற கேள்வி ஒன்றே: யாருக்கு எவ்வளவு? 2 கிரே வாங்கியவருடைய எலும்பு மஜ்ஜை, தொற்று அண்டாமல் பார்த்துக்கொண்டால் தானே தேறிவிடும். 8 கிரே வாங்கியவருக்கு மாற்று மஜ்ஜையோ தொப்புள்கொடி ரத்தம் போன்ற வேறு மூலச்செல்களோ தேவைப்படும். கொடையாளியை அன்றைக்கே தேடத் தொடங்க வேண்டும். 20 கிரேயைத் தாண்டியவருக்கு மஜ்ஜையோடு குடலும் தோலும் போகும். ஆளைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. முதல் நாளில் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டுகூட இருப்பார்.

சட்டையில் குத்தும் அளவுப்பட்டை இதற்கு உதவாதா என்று நீங்கள் கேட்கலாம். நெஞ்சில் ஓரிடத்தில் விழுந்ததை அது சொல்லும். வயிற்றுக்கு எவ்வளவு, முதுகுக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே வந்தது காமாக் கதிர் மட்டுமல்ல என்பது. அணுப்பிளவில் காமாவும் நியூட்ரானும் சேர்ந்தே வரும். இரண்டையும் கிரே என்ற ஒரே அலகால் அளக்கிறோம். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. அந்த ஆற்றல் திசுவில் எப்படிப் பரவி இறங்கியது என்பதை அந்த அலகு சொல்வதில்லை. உயிருக்கோ அதுதான் முக்கியம். இன்று நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

1932-இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்த நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எனவே எலக்ட்ரான்களைச் சட்டை செய்யாமல் உடலுக்குள் நுழைகிறது. நம் உடலில் நீரும் கொழுப்பும் புரதமும் இருக்கும் இடமெல்லாம் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு புரோட்டான். எடையில் நியூட்ரானுக்குச் சமம். சம எடை கொண்ட இரண்டு மோதினால் ஆற்றல் கைமாறுவது எளிது. உதைபட்ட புரோட்டான் தெறித்து ஓடுகிறது. அதற்கு மின்னூட்டம் உண்டு, வேகமும் குறைவு. போகிற வழியில் அடுத்தடுத்து இருக்கும் மூலக்கூறுகளையெல்லாம் அயனியாக்கிக்கொண்டே போகிறது. காமாக் கதிர் செல்லுக்குள் கிளப்பிவிடும் எலக்ட்ரானின் தடம் அப்படிப்பட்டதல்ல; இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் அயனிகளை விட்டுச் செல்லும்.

எலி வயலில் ஆங்காங்கே கொறிக்கும். யானை புகுந்தால் அது போன தடம் முழுக்கத் துவைந்துபோகும், பக்கத்து வயலில் ஒரு தாள்கூட மடங்கியிருக்காது. காமாவுக்கும் நியூட்ரானுக்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய இதுதான். இரண்டிலும் சேதமான நெல் ஒரே எடை என்று கணக்கெழுதலாம். அடுத்த போகம் எந்த வயலில் விளையும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

இந்தத் தடத்தைப் பார்ப்பதற்கு மனித உடலில் கிடைக்கும் மிக நல்ல சாட்சி லிம்போசைட் என்ற வெள்ளை அணு. ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் பெரும்பாலும் பிரியாமல் ஓய்வில் இருப்பவை. உடலெங்கும் சுற்றி வருவதால் எங்கே அடிபட்டாலும் அது ரத்தத்தில் கலந்து, முழு உடலின் சராசரி ஒரு துளியில் கிடைத்துவிடுகிறது. பட்ட அடியை, அடுத்த தடவை செல் பிரியும்வரை, அது மாற்றமில்லாமல் வைத்திருக்கும்.

பிரிய வைப்பது நம் வேலை. ஹெப்பரின் போட்ட குழாயில் வந்த ரத்தத்தை வளர்ப்பூடகத்தில் விட்டு, ஃபைட்டோஹீமக்ளுட்டினின் சேர்க்கிறோம். இது சிவப்பு ராஜ்மா பயறிலிருந்து எடுக்கும் புரதம். உறங்கும் லிம்போசைட்டை இது எழுப்பிப் பிரியவைக்கும் என்று 1960-இல் பீட்டர் நோவெல் கண்டிராவிட்டால் இந்தத் துறையே இருந்திருக்காது. பிறகு 37 டிகிரியில் 48 மணி நேரம். இந்த நேரத்தைக் குறைக்கவும் முடியாது, நீட்டவும் கூடாது. இரண்டாம் பிரிவுக்குள் போன செல்களில் சேதத்தின் ஒரு பகுதி தொலைந்துபோயிருக்கும். கடைசி மணிகளில் கால்ச்சிசினோ அதன் உறவான கால்செமிடோ சேர்த்தால், குரோமோசோம்கள் திரண்டு நிற்கும் கட்டத்திலேயே செல் நின்றுவிடும். கால்ச்சிசின் எங்கோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையில் இருப்பது அது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்த்து, விதையை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். மனிதக் குரோமோசோம்கள் 46 என்று 1956-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் டியோவும் லெவானும் சரியாக எண்ணிச் சொன்னபோது அவர்களுக்குக் கைகொடுத்ததும் கால்ச்சிசின்தான்.

நீர்த்த பொட்டாசியம் குளோரைடில் செல்லை ஊதவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்ததில் கெட்டிப்படுத்தி, ஸ்லைடின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, ஜீம்சா சாயம் ஏற்றினால், நுண்ணோக்கியின் கீழ் ஊதா நிறத்தில் 46 துண்டுகள் விரிந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடுப்பு உண்டு. அதுதான் சென்ட்ரோமியர். செல் பிரியும்போது நூல்கள் பற்றி இழுக்கும் இடம்.

கதிர்பட்ட செல்லில் இரண்டு குரோமோசோம்கள் பக்கத்துப் பக்கத்தில் முறிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் முறிந்த முனைகளைத் தேடிப் பிடித்து ஒட்டும். எந்த முனை எதற்குச் சொந்தம் என்று சரிபார்க்க அவற்றுக்கு எப்போதும் வழி இருப்பதில்லை. தவறி ஒட்டினால், இடுப்புள்ள இரு பகுதிகளும் ஒன்றாகி, இரண்டு இடுப்புள்ள நீண்ட குரோமோசோம் உருவாகிறது. இதை டைசென்ட்ரிக் என்கிறோம். மீந்த முனைகள் சேர்ந்து இடுப்பே இல்லாத துண்டாகின்றன. எண்ணிப் பார்த்தால் அதே 46தான் இருக்கும். புதிதாகப் பழகுபவர் எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று தாண்டிப்போய்விடுவார். பழகிய கண், ஒன்றில் இரண்டு இடுப்பு இருக்கிறதே, அப்படியானால் இடுப்பில்லாத துண்டு எங்கே என்று தேடும். இரண்டும் கிடைத்தால்தான் கணக்கில் சேர்ப்போம். கதிரே படாத ஒருவரிடம் 1000 செல்களைப் பார்த்தால் ஒன்று கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இந்த அளவுக்கு அரிதாக இருப்பதால்தான் டைசென்ட்ரிக் இவ்வளவு நம்பகமான சாட்சி.

முறிவு இரண்டு வேண்டும், அதுவும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே சமயத்தில். இங்கேதான் நியூட்ரானும் காமாவும் பிரிகின்றன. அளவு குறைவாக இருக்கையில் காமாவின் ஒரு தடம் அநேகமாக ஒரு முறிவைத்தான் தரும். இரண்டாவது முறிவுக்கு இன்னொரு தடம் அங்கேயே வந்து சேர வேண்டும். எனவே அளவை இரட்டித்தால் டைசென்ட்ரிக் இரட்டிப்புக்கு மேல் கூடும். வரைபடம் வளைந்து ஏறும். நியூட்ரான் தெறிக்கவிட்ட புரோட்டான் ஒரே ஓட்டத்தில் இரண்டையும் முறித்துவிடுகிறது. அதன் வரைபடம் நேர்கோடு.

1976-இல் பிரிட்டனின் ஹார்வெல்லில் டேவிட் லாயிடும் அவருடைய கூட்டாளிகளும் பல ஆற்றல் கொண்ட நியூட்ரான்களை மனித ரத்தத்தில் செலுத்திப் பெற்ற வரைபடங்களை வெளியிட்டார்கள். இன்றும் நாங்கள் எடுத்துப் பார்ப்பவை அவை. அணுப்பிளவில் வரும் நியூட்ரானை ஒத்த, சராசரி 0.7 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில், ஒரு கிரேக்கு 100 செல்லில் 80-ஐ ஒட்டிய டைசென்ட்ரிக்குகள். ஒரு கிரே காமா தருவது 100 செல்லில் எட்டு, ஒன்பது. பத்து மடங்கு வேற்றுமை. அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். நியூட்ரானுக்கு 1000 செல்லில் 80 வரும். காமாவுக்கு இரண்டோ மூன்றோதான். வேற்றுமை 30 மடங்கை நெருங்கிவிடுகிறது. ஆக, நியூட்ரான் காமாவைவிட எத்தனை மடங்கு மோசம் என்று கேட்டால், எவ்வளவு அளவில் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அளவு குறையக் குறைய அந்த மடங்கு ஏறுகிறது. அதே ஆய்வில் 14.7 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான்கள் ஒரு கிரேக்குத் தந்தது பிளவு நியூட்ரானின் பாதிக்கும் குறைவு. வேகம் கூடினால் சேதம் கூடும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. வேகமான புரோட்டானின் தடம் தளர்ந்துபோய்விடுவதே காரணம்.

யானை போன தடத்தை ஸ்லைடிலும் பார்க்கலாம். காமா பட்ட ரத்தத்தில் டைசென்ட்ரிக்குகள் பரவலாக, ஒரு செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் சிதறிக் கிடக்கும். நியூட்ரான் பட்ட ரத்தத்தில் செல்லுக்குச் செல் ஒன்றும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு செல்லில் இரண்டு மூன்று சேர்ந்து நிற்கும். வண்ணம் தீட்டிப் பார்க்கும் இன்றைய முறைகளில், மூன்று நான்கு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொண்ட சிக்கலான உருவங்களும் தெரிகின்றன. இத்தகைய நெருக்கமான சேதம் பல்லாண்டுகளுக்குப் பிறகும் ரத்தத்தில் தங்கியிருக்கும் என்பதை, ரஷ்யாவின் மயாக் ஆலையில் புளூட்டோனியத்தோடு வேலை செய்தவர்களின் லிம்போசைட்டுகளில் 2003-இல் காட்டினார்கள். அது ஆல்ஃபாக் கதிரின் வேலை. தடத்தின் அடர்த்தியில் நியூட்ரானுக்கு நெருங்கிய உறவு.

மறுபடி டோகாய்முராவுக்கு வருவோம். கதிர் பட்டவரின் ரத்தத்தைக் கேட்டு அளவை அறியலாம் என்ற எண்ணம் அப்போது புதிதல்ல. 1958 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஒய்-12 ஆலையில் யுரேனியக் கரைசல் டிரம் ஒன்றில் சேர்ந்து தொடர்வினை தொடங்கி எட்டுப் பேர் கதிருக்கு ஆளானார்கள். சில ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்கள் ரத்தத்தில் சேதம் இருப்பதை மைக்கேல் பெண்டரும் கூச்சும் 1962-இல் காட்டினார்கள். ஆனால் டோகாய்முராவின் மூவரில் மிக அதிகக் கதிர் பட்ட முதல் தொழிலாளியிடம் அந்த வழி அடைபட்டது. அவருடைய லிம்போசைட்டுகள் ஓரிரு நாளிலேயே அநேகமாக மறைந்துகொண்டிருந்தன. எஞ்சியவையும் ராஜ்மாப் புரதத்துக்கு எழுந்தாலும் பிரிவின் வாசலிலேயே நின்றுவிட்டன. இவ்வளவு பெரிய அளவு பட்ட செல் பிரிவுக்குள் போகாது. பிரியாவிட்டால் குரோமோசோமைக் காண முடியாது.

சிபாவின் ஆய்வாளர்களிடம் இதற்கு விடை தயாராக இருந்தது. முதலில் கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒகடாயிக் அமிலத்தைச் சேர்த்தால், பிரிவுக்குள் போகாத செல்லிலும் குரோமோசோம்கள் காலத்துக்கு முன்பே திரண்டுவிடும். அப்படித் திரண்டவற்றில் இடுப்பு தெளிவாகத் தெரியாது. டைசென்ட்ரிக்கை எண்ண முடியாது. வளையம்போல் மூடிக்கொண்ட குரோமோசோம்களை எண்ணலாம். ரெய்கோ காண்டாவும் இசாமு ஹயாத்தாவும் லாயிடும் இந்த முறையை வெளியிட்டது அதே 1999-ஆம் ஆண்டில்தான். விபத்து சில மாதங்கள் முன்னால் நடந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும். வளையங்களை எண்ணிச் சொன்ன விடை: முதலாமவருக்குக் காமாவுக்குச் சமமாக மாற்றிய கணக்கில் 20 கிரேக்கு மேல், இரண்டாமவருக்கு ஏழு எட்டு, மூன்றாமவருக்கு இரண்டு மூன்று.

இந்த விடைகள் சிகிச்சையைப் பிரித்தன. முதலாமவருக்கு அவருடைய சகோதரியின் மூலச்செல்கள் செலுத்தப்பட்டன. அவை பற்றிக்கொண்டதை, அவர் ரத்தத்தில் பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் தென்பட்டதிலிருந்து அறிந்தார்கள். குடலையும் தோலையும் மீட்க வழியில்லை. டிசம்பர் 21 அன்று, 35 வயதில், இறந்துபோனார். இரண்டாமவருக்குத் தொப்புள்கொடி ரத்தம் கொடுத்தார்கள். 2000 ஏப்ரல்வரை உயிரோடிருந்தார். மூன்றாமவருடைய மஜ்ஜை தானே தேறியது. அந்த டிசம்பரிலேயே வீடு திரும்பினார்.

நியூட்ரானையும் காமாவையும் எப்படிப் பிரித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நியூட்ரான் பட்டால் உடலிலுள்ள சாதாரண சோடியத்தின் ஒரு சிறு பகுதி சோடியம்-24 ஆகிவிடும். 15 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். நோயாளியின் ரத்தமே கதிர் உமிழும். அதை எண்ணினால் எவ்வளவு நியூட்ரான் உள்ளே போனது என்று தெரியும். எவ்வளவு நியூட்ரானுக்கு எவ்வளவு காமா கூட வந்தது என்ற விகிதத்தை விபத்து நடந்த இடத்தின் இயற்பியல் கணக்கு தரும். பிறகு, டைசென்ட்ரிக்குகளை எண்ண முடிந்தவர்களுக்கு, எண்ணியவை அனைத்தையும் நியூட்ரான் கணக்கில் முதலில் எழுதி, அந்த அளவுக்குரிய காமாவைக் கண்டு, அது தந்திருக்கக்கூடியவற்றைக் கழித்து, மிச்சத்துக்கு மறுபடி கணக்கிட்டு, விடை அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

இவ்வளவு பாடுபட்டு ரத்தத்தைக் கேட்க வேண்டியிருப்பதற்கு இன்னொரு பெரிய காரணம் ஹிரோஷிமா. அணுகுண்டிலிருந்து தப்பியவர்களின் குரோமோசோம்களை அகியோ அவாவும் அவருடைய குழுவும் பல்லாண்டுகள் எண்ணினார்கள். ஒரே அளவு என்று குறிக்கப்பட்டவர்களில், நாகசாகியைவிட ஹிரோஷிமாக்காரர்களிடம் சேதம் கூடுதலாக இருந்தது. 1965-இல் வகுத்த அளவுமுறை, ஹிரோஷிமா யுரேனியக் குண்டிலிருந்து நிறைய நியூட்ரான் வந்ததாகச் சொன்னதால், அதுவே காரணம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நியூட்ரான் மனிதருக்கு எவ்வளவு கெடுதி என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்துவிட்டதாக நம்பினார்கள். 1986-இல் அளவுமுறையைத் திருத்தியபோது அந்த நியூட்ரான் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது; குண்டின் தடித்த எஃகு உறையும் ஈரக்காற்றும் அவற்றைத் தடுத்திருந்தன. ஹிரோஷிமாவின் கட்டடங்களில் எஞ்சியிருந்த செம்புத் துண்டுகளில் நியூட்ரான் உண்டாக்கிய நிக்கல்-63 அணுக்களை எண்ணி, 2003-இல் புதிய கணக்கை உறுதிப்படுத்தினார்கள். நேரடிச் சான்று என்று நம்பியது கைநழுவியது.

விளைவு என்னவென்றால், ஏறக்குறைய ஒரு மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரானை இன்று பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் காமாவைவிட 20 மடங்காக எடைபோடுகிறது என்றால், அந்த 20 மனிதரின் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து வந்ததல்ல. எலிகளில் செய்த ஆய்வும், கண்ணாடிக் குழாயில் நியூட்ரான் பட்ட மனித லிம்போசைட்டும் அதைத் தாங்கி நிற்கின்றன. டைசென்ட்ரிக்கே புற்றுநோயை உண்டாக்குவதில்லை. அதைச் சுமக்கும் செல் பெரும்பாலும் செத்துப்போகும். ஆனால் அதைப் போலவே தவறி ஒட்டிக்கொண்டு, செல்லைக் கொல்லாமல் தங்கிவிடும் இடமாற்றங்கள் உண்டு. ஒன்றை எண்ணினால் மற்றதைத் தெரிந்துகொள்ளலாம். உலையில் வேலை செய்பவருக்கும், வான்வெளிக் கதிரின் நியூட்ரான்களுக்கு நடுவே பறக்கும் விமானப் பணியாளருக்கும் நாம் வகுக்கும் வரம்பு இந்த எண்ணிக்கையில்தான் நிற்கிறது. எனவே அந்த எண்ணிக்கையைச் செய்யும் கூடங்களும் கண்களும் விபத்தில்லாத காலத்தில் பேணப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஸ்லைடில் இடுப்பை ஐயமில்லாமல் அடையாளம் காண ஆளைப் பழக்க மாதங்கள் ஆகும். ஒவ்வொரு கூடமும் தனக்கான வரைபடத்தைத் தானே வரைய வேண்டும். அடுத்தவர் வரைந்ததை அப்படியே கடன் வாங்க முடியாது. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் இத்தகைய கூடம் இருப்பது நம் நல்வாய்ப்பு. காமாவுக்கு வரைபடம் வரைவது எளிது. நியூட்ரானுக்கு உலையோ முடுக்கியோ வேண்டும். அங்கே நேரம் கிடைப்பது அரிது. அந்த நேரத்தை இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, இந்த அரங்கில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கு. நியூட்ரான் பட்டிருக்கலாம் என்ற ஐயத்தோடு ஒருவர் உங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தால், வேறு ரத்தம் ஏற்றும் முன் பத்து மில்லி ரத்தம் லித்தியம் ஹெப்பரின் குழாயில் எடுங்கள், வழக்கமான ஈ.டி.டி.ஏ. குழாய் செல் வளர்ப்புக்கு ஒத்துவராது. எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுதுங்கள். குழாயை உறையவைக்காமல், அறை வெப்பநிலையிலேயே அனுப்புங்கள். சோடியத்துக்கென்று இன்னொரு குழாய் தனியாக, உடனே போக வேண்டும். மறுநாள் காலை என்று விட்டால் பாதிக்கு மேல் கரைந்துபோயிருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை லிம்போசைட் எண்ணிக்கை பாருங்கள். நோயாளியின் மோதிரம், பெல்ட் கொக்கி, பையிலிருந்த சில்லறை, வெட்டிய முடி எல்லாவற்றையும் உடலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று குறித்துத் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள். தங்கமும் பித்தளையும் முடியிலுள்ள கந்தகமும் நியூட்ரானைப் பிடித்துவைத்திருக்கும். எந்தப் பக்கம் கூடுதலாகப் பட்டது என்பது அவற்றிலிருந்து தெரியவரும்.